கல்லிடம் கேட்ட சம்மதம்

"வலது கையைக் குடும்மா. பயப்படாதே, ஊசி போட மாட்டேன். அது உன் தொழில்."

தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பது வீட்டம்மாவின் வழக்கம். மற்றவர்கள் மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. அவள் சிரித்ததும் அவள் கணவர் சிரித்தார். அதைப் பார்த்து மூத்த மருமகள் சிரித்தாள். கடைசியாக, யாருக்குப் பெண் பேச இத்தனை பேரும் கூடியிருந்தார்களோ அந்த இளைய மகனும் சிரித்தான். பெண்ணாக வந்திருந்த பல் டாக்டர் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அத்தை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். சிரித்துத் தொலை என்று அர்த்தம்.

இளைய மகன் கட்டட இன்ஜினியர். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து அவளிடம் வைத்தியத்துக்குப் போனவன். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகப் படுத்திருக்கும் ஆணை எந்தப் பெண்ணும் நல்லவன் என்றுதான் நினைப்பாள். எதிர்த்துப் பேசுவதில்லை. நடுவில் குறுக்கிடுவதில்லை. சொல்வதையெல்லாம் கண்ணாலேயே ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவள் அப்படி மயங்கவில்லை. அவள் கிளினிக்கின் கதவு உள்பக்கம் திறந்து, காத்திருப்பவர்களின் முட்டியில் இடித்துக்கொண்டே இருக்கும். பல் சரியான பிறகு ஒரு விடுமுறை நாளில் அவன் திருப்புளியோடு வந்து, கீலைக் கழற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டுப் போனான். யாரும் கேட்கவில்லை. அந்தக் கதவில்தான் அவள் விழுந்தாள்.

முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதனைப் பிடித்துப்போவது லேசுப்பட்ட காரியமில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் செய்துகொள்வது என்று இரண்டு பேரும் பேசி முடித்தாகிவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று அவன் சொல்லித்தான் இந்த மாலை அவள் வந்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போவது பெரியவர்கள் இல்லை, ஒரு கல் என்பதை அவன் வாசலில் வைத்துத்தான் சொன்னான்.

"சும்மா ஒரு சம்பிரதாயம். அம்மாவுக்காக. ரெண்டு நிமிஷம்."

"என்ன கல்லு?"

"நிறம் மாறும். நீயே பாப்பே. சூப்பரா இருக்கும்."

சிவப்பு வெல்வெட் பெட்டி திறந்தது. தங்கத்தில் நான்கு கொக்கிகள். அவற்றின் நடுவே துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பச்சைக் கல். அந்தக் கல்லை உட்கார வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் நாற்காலி போட்டு மின்விசிறியும் வைத்திருப்பார்கள் போலிருந்தது.

"இன்னிக்குத்தான் பேங்க் லாக்கர்லேர்ந்து எடுத்துட்டு வந்தோம்," என்றார் வீட்டுக்காரர். பேசுவதற்கு அவருக்கு அனுமதிக்கப்பட்ட பகுதி இது. "ஆயிரம் கல்லு தோண்டினா அதுல ஒண்ணு இந்த ஜாதி இருந்தாலே அதிசயம். இருந்தாலும் பாதிக்குப் பாதி சேத்துத்தண்ணி நிறத்துக்குத்தான் மாறும். இப்படி சுத்தப் பச்சையிலேர்ந்து சுத்தச் சிவப்புக்கு மாறுறது..."

"நீங்க இருங்க," என்றாள் வீட்டம்மா. அவர் இருந்தார். "அத்தையம்மா, இதைக் கேளுங்க. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். காலையில இதைப் போட்டுட்டுப் போனேன். 'மரகதமா?'ன்னு எல்லாரும் கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தாங்க. சாயங்காலம் விருந்துக்கும் இதே மோதிரம். ஒருத்தி வந்து 'மாணிக்கம் வேற வெச்சிருக்கியா?'ன்னா. அவ முகம் போன போக்கைப் பாக்கணுமே!"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அத்தை.

"வெச்சிருக்கேன்னு சொன்னேன்."

ஒரு கல்லை வாங்கி இரண்டு பொறாமை சம்பாதிக்கலாம். இந்தக் கல்லுக்காக ஆளாய்ப் பறக்கிறவர்களின் ரகசியம் இவ்வளவுதான். அழகு, அபூர்வம், இயற்கையின் விந்தை என்றெல்லாம் நகைக்கடைக்காரர்கள் குழைவது பில் போடும் வரைக்கும். வாங்கிப் போனவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து கல்லையா பார்த்துக்கொண்டிருக்கிறாள்? பார்க்கிறவள் முகத்தைப் பார்க்கிறாள்.

அத்தை குனிந்து டாக்டரின் காதருகே, "பச்சோந்தியைத் தங்கத்துல கட்டி வெச்சிருக்காங்க," என்றாள். உடனே நிமிர்ந்து, "ரொம்ப லட்சணமான கல்லு!" என்று சத்தமாகச் சொன்னாள். அத்தைக்கு இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். தாயில்லாப் பெண்ணை வளர்த்து, படிக்க வைத்து, வந்த வரன்களையெல்லாம் இவள் தட்டிக் கழிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள். பையனுக்கு நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை. கல்லையா கட்டிக்கொள்ளப் போகிறாள்?

"ஆனா நிறம் மாறுறது இருக்கே, அது எல்லார் கையிலயும் மாறாது," என்று வீட்டம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு, இதே கூடத்துல, எங்க மாமியார் முன்னாடி இவர் என் விரல்ல போட்டார். போட்டதும் நெருப்பு மாதிரி சிவந்துடுச்சு. 'கல்லு உன்னை ஏத்துக்கிச்சு'ன்னாங்க மாமியார். நல்ல கைன்னா சிவக்கும். ஒத்துவராத கைன்னா அசையாது. கல்லு மாதிரி கிடக்கும்."

"கல்லுதானே," என்றாள் அத்தை.

"எனக்கும் அப்படித்தான்," என்று மூத்த மருமகள் உள்ளே புகுந்தாள். அவள் கணவன் வெளிநாட்டில். அவள் இங்கே மாமனார் மாமியாருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த ஒரே பட்டம் இந்தச் சிவப்புதான். "மோதிரம் விரல் முட்டியைக்கூடத் தாண்டல. அதுக்குள்ள சிவந்துடுச்சு. இல்லையா அத்தை?" என்று மாமியாரைப் பார்த்தாள்.

"ஆமா. ஆனா இவளுக்கு முன்னாடி பெரியவனுக்கு ஒரு பொண்ணு பாத்தோம். படிச்ச பொண்ணு, அடக்கமான பொண்ணு. மதியச் சாப்பாட்டுக்கு வந்தாங்க. ஜன்னலோரம் உக்கார வெச்சு மோதிரத்தைப் போட்டா, பச்சையா முழிக்குது. சிவக்கவே இல்ல. அனுப்பிட்டோம்."

"சாப்பாடு போட்டா, போடாமலா?"

"அத்தை!" என்றாள் டாக்டர்.

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

"அப்புறம்தான் யோசிச்சேன். பகல்ல கல்லுக்குத் தூக்கம் போல. அதுலேர்ந்து சாயங்காலம்தான் போடறது."

"அப்ப அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டு சாயங்காலம் போட்டுப் பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

வீட்டம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "ஒரு தடவை வேண்டாம்னு சொன்னப்புறம் எப்படிம்மா கூப்பிடறது? நல்லா இருக்காதே."

மோதிரம் ஏறியது. ஐந்து தலைகள் ஒரு விரலின் மேல் கவிழ்ந்தன.

கூடம் புதிது. அதாவது வீடு பழையது. இன்ஜினியர் மகன் கூடத்தைப் புதிதாக்கியிருந்தான். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதன் விளிம்பெல்லாம் ஒளித்து வைத்த வெள்ளை விளக்குகள். ஒரு நிழல்கூட விழக் கூடாது என்று அவனே கணக்குப் போட்டு வைத்தது. வந்ததும் வராததுமாக அதைத்தான் முதலில் காட்டினான். "எங்க கிளினிக்கைவிட வெளிச்சமா இருக்கு, இங்கேயே பல்லு பிடுங்கலாம்," என்று டாக்டர் சொன்னதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

கல் பச்சையாகவே இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. சூடு ஏறணும்," என்றாள் வீட்டம்மா.

பொறுத்தார்கள். பச்சை.

"கையை நல்லாத் தேச்சுக்கோம்மா. டாக்டர் கையில்லையா, மருந்து போட்டுக் கழுவிக் கழுவி மரத்துப்போயிருக்கும்."

தேய்த்தாள். பச்சை.

"காபி டம்ளரைப் பிடிச்சுக்கச் சொல்லலாமா?" என்றாள் மூத்த மருமகள். டம்ளரைப் பிடித்தாள். விரல் சிவந்தது. கல் சிவக்கவில்லை.

"நடுவிரல்ல போட்டுப் பாரு."

"நடுவிரல்லயா?" என்றாள் அத்தை. "கால் விரல் பாக்கி இருக்கு."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. வீட்டம்மா குனிந்து கல்லின் மேல் ஹாவென்று ஊதினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி ஊதினாள். பச்சை மங்கி, பச்சை தெளிந்தது. அவள் நிமிர்ந்தபோது பேச்சில் இருந்த 'ம்மா' காணாமல் போயிருந்தது.

"உனக்கு என்ன நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"உடம்புக்கு ஏதாவது... தைராய்டு, சர்க்கரை, அப்படி?"

"இல்லீங்க."

"முன்னாடி வேற யாருக்காவது பேசி, கீசி?"

அத்தையின் முழங்கை உயர்ந்தது. இந்தமுறை இடி டாக்டருக்கு இல்லை. எங்கே இடிப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றது. டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தாள். யாரும் கேட்காமல் கதவைத் திருப்பி மாட்டியவன், இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். 'போதும் அம்மா' என்றால் போதும். அவ்வளவு நீளமான வாக்கியம்கூட வேண்டாம், ஓர் இருமல் போதும்.

அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை முடிவில் தன் நம்பரைத் தேடுகிற பையனைப் போல.

"கல்லு பொய் சொல்லாது," என்று வீட்டம்மா பெருமூச்சு விட்டாள். "சரி, விடு. தண்ணி குடிக்கறியா? முகமே வாடிப்போச்சு."

"நானே எடுத்துக்கறேன்," என்று டாக்டர் எழுந்தாள். மோதிரம் விரலிலேயே இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவேளை சமையலறைக்குப் போய் வருவதற்குள் கல் மனம் மாறினாலும் மாறலாம்.

சமையலறையிலும் அதே வெள்ளை வெளிச்சம். பின்னாலேயே இன்ஜினியர் வந்தான்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

"எதை?"

"இதைத்தான். அம்மாகிட்ட நான் பேசறேன். அடுத்த வாரம் வேற ஒரு நல்ல நாளாப் பாத்து இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்."

"சிவக்கலேன்னா?"

"சிவக்கும்."

"சிவக்கலேன்னா?"

"ஏன் நீயே அப்படி அபசகுனமாப் பேசறே?"

"உங்களைக் கேக்கறேன். கல்லை இல்ல."

அவன் சமையல் மேடையின் விளிம்பைத் தடவினான். கிரானைட்டின் வழவழப்பில் ஏதோ குறை கண்டுபிடித்தவன் போல மறுபடி தடவினான். "அம்மாவை மீறி நான் எதுவும் செஞ்சதில்ல. உடனே இல்லாட்டியும், கொஞ்ச நாள் போகட்டும். அவங்க மனசு மாறுற வரைக்கும் நீயும் நானும் இப்படியே..."

"உங்களுக்குக் கல்லு மேல நம்பிக்கை இருக்கா?"

"நம்பிக்கைன்னு இல்ல." அவன் யோசித்தான். யோசித்தது அவன் செய்த தவறு. "ஆனா இத்தனை வருஷமா தப்பினதில்லையே."

படித்த இன்ஜினியர். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பருப்பளவு கல் தன் ஆயுளைத் தாங்கும் என்றும் சொல்கிறான்.

டாக்டர் திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சமையலறையையும் புதிதாக்கியவன் இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த ஃப்ரிட்ஜ், முனகிக்கொண்டு மூலையில் நின்றது. கதவு திறந்ததும் உள்ளே ஒரு பழைய குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தது. தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க அவள் கையை விட்டாள்.

விரலில் ஒரு சிவப்புத் துளி.

ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். தொழில் அப்படி. பிறகு கையை வெளியே இழுத்தாள். பச்சை. உள்ளே விட்டாள். சிவப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்ப்பல்லுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியை விளக்கடியில் வைத்துப் பார்க்காதே, ஜன்னலுக்குக் கூட்டிப்போ என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். விளக்குக்கு விளக்கு நிறம் மாறும். விளக்கில் பொருந்திய பல் வெயிலில் பல்லிளிக்கும். இத்தனை நேரம் அவள் அதை நினைக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அவள் கல்லைப் பார்க்கவேயில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க," என்றாள். "இதைப் பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியை, பல்வலி தீர்ந்த நாளில்கூட அவள் பார்த்ததில்லை. அவன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கூடத்தைப் பார்த்துக் கத்தினான்.

"அம்மா! ஓடி வாங்க! சிவந்துடுச்சு! அம்மா!"

ஓடி வந்தார்கள். முதலில் வீட்டம்மா, பிறகு மூத்த மருமகள், பிறகு அத்தை, பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்காரர். ஒரு குடும்பமே ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றது. வீட்டம்மா தக்காளிக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவே தலையை விட்டு, மருமகளாகப் போகிறவளின் விரலைத் தரிசித்தாள்.

"என் கண்ணே! கல்லு ஒத்துக்கிச்சு! நான் அப்பவே நினைச்சேன், இவளுக்குச் சூட்டு உடம்பு. குளிர்ச்சி பட்டதும் பாருங்க!"

"இப்பத்தான் சூடு ஏறணும்னீங்க," என்றாள் அத்தை.

"ஆளுக்கு ஆள் மாறும் அத்தையம்மா. சிலருக்குச் சூடு, சிலருக்குக் குளிர்ச்சி." 'ம்மா' திரும்பி வந்திருந்தது, கூடவே கன்னத்தில் ஒரு தடவல். "இனிமே நீ என் பொண்ணும்மா."

அத்தை கண்ணை மூடி, அப்பாடா என்றாள். விஷயம் முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார வேண்டியதுதான்.

டாக்டர் மோதிரத்தைக் கழற்றினாள். காய்கறித் தட்டிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள். மெலிந்த நுனியில் மோதிரத்தை மாட்டி, இறுகும் வரை ஏற்றினாள். பிறகு கேரட்டைப் பல்புக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இதுவும் நல்ல கைதான். பாருங்க."

கேரட்டின் மேல் கல் நெருப்பு மாதிரி சிவந்திருந்தது.

 அவள் கேரட்டை வெளியே எடுத்து வெள்ளை விளக்கில் காட்டினாள். பச்சை. உள்ளே விட்டாள். சிவப்பு. "உள்ள இருக்கறது மஞ்சள் பல்பு. வெளியில இருக்கறது உங்க பையன் போட்ட வெள்ளை லைட்டு. வெயில்லயும் வெள்ளை லைட்டுலயும் பச்சையா இருக்கும், மஞ்சள் பல்புல சிவக்கும். கல்லுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. அது யாரையும் ஏத்துக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல."

"அப்ப... எனக்கு?" என்றாள் மூத்த மருமகள்.

"அப்ப கூடத்துல என்ன விளக்கு இருந்துச்சு?"

"கொத்து விளக்கு. மஞ்சளா, மெழுகுவத்தி மாதிரி." அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் மாமியார் நிற்கும்போது அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம். "நான் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப மதியம் வந்தாங்களே, அந்தப் பொண்ணு?"

ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி மோட்டாரை ஓட்டத் தொடங்கியது.

வீட்டம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, என்ன இது? நீங்கதானே வாங்கினீங்க? கடைக்காரன் என்ன சொல்லிக் குடுத்தான்?"

அவர் கேரட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "விளக்கு மாத்திப் போட்டுத்தான் காட்டினான். வெளிச்சத்துக்கு மாறும்னு சொன்னான்."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எங்க அம்மா சந்தோஷப்பட்டாங்க. நீயும் சந்தோஷப்பட்டே. நடுவுல நான் எதுக்கு?" அவர் கைகளைப் பிசைந்தார். "அப்புறம் யாரும் கேக்கல."

"மதியம் அந்தப் பொண்ணு வந்தப்பவும் தெரியுமா?" என்று கேட்டது டாக்டர்.

"தெரியும்மா. ஆனா இவ முடிவு பண்ணிட்டா." தன் நியாயம் எல்லோருக்கும் விளங்கியிருக்கும் என்பது போல அவர் தலையசைத்தார். வெட்கப்பட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அமைதியான மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். வாயைத் திறக்காதவனுக்கெல்லாம் நல்லவன் என்று பட்டம் கட்டுகிற ஊர், வேறு என்ன சொல்லும்?

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகன் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே தாடை. அதே அகலம், அதே இறுக்கம், பேச வேண்டிய நேரத்தில் அதே பூட்டு. மகனும் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எனக்கு மயக்கமா வருது," என்று வீட்டம்மா அறிவித்தாள். மூத்த மருமகள் எழுந்திருக்கவில்லை. எனவே அவள் தானே நடந்துபோய்க் கூடத்தில் சாய வேண்டியிருந்தது. கணவர் பின்னால் போனார். கேரட்டை மோதிரத்தோடு மேடையில் வைத்துவிட்டு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, கிளம்பலாம்."

"சாப்பிட்டுட்டு..." என்ற அத்தை, அவள் முகத்தைப் பார்த்து, "வண்டி கூப்பிடறேன்," என்று வெளியே போனாள்.

வாசல் கேட் வரை இன்ஜினியர் கூடவே வந்தான். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கக் கூடாது என்று இவன் கிசுகிசுத்தான்.

"ஏன் அப்படிப் பண்ணினே?"

"எப்படி?"

"அம்மாதான் ஏத்துக்கிட்டாங்களே. என் பொண்ணுன்னே சொல்லிட்டாங்க. அதோட விட்டிருக்கக் கூடாதா? கேரட்டெல்லாம் எதுக்கு?"

"நான் ஜெயிச்சதை நானே கெடுத்துக்கிட்டேன்னு சொல்றீங்க."

"அதேதான்! சும்மா இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். உனக்கு விஷயம் தெரியும், எனக்கும் அப்புறமா தனியா சொல்லியிருக்கலாம். அம்மாவும் சந்தோஷமா இருந்திருப்பாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னார்."

"அப்பா பாவம். அவரை எதுக்கு இழுக்கறே?"

"முன்னாடி யாருக்காவது பேசியிருக்கான்னு உங்க அம்மா கேட்டாங்களே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அவன் விழித்தான். உண்மையாகவே விழித்தான், அதுதான் பரிதாபம். அவனிடம் வஞ்சகம் இல்லை. வஞ்சகம் இருப்பவனையாவது திருத்தப் பார்க்கலாம். அம்மா முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தன் நிறத்தைக் காட்டுகிறவனை எந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்ப்பது?

"இதோ பாரு," என்று அவள் கையைப் பிடித்தான். பிடி நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். "எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. கல்லு சிவக்கட்டும் சிவக்காம போகட்டும், நான் உன்னைத்தான் கட்டிப்பேன். போதுமா?"

"இதை உள்ள சொன்னா போதும்."

"சொல்றேன்."

"இப்ப."

"இப்பவா? அம்மா படுத்திருக்காங்க. கொஞ்சம் தெளியட்டும். ஒரு வாரம் டைம் குடு. அவங்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி தெரியுமா?"

"எனக்கு?"

"உனக்கென்ன, நீ தைரியசாலி."

வண்டி வந்து நின்றது. அத்தை முதலில் ஏறி, இவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அதே சமயம் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. மயக்கத்தில் இருப்பவளின் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெருக்கோடி வரை கேட்டது.

"கண்ணா! எங்கடா போனே? அப்பாவைப் பாரு, என்ன பேச்சு பேசறார்னு!"

அவன் கை தளர்ந்தது. "ஒரு நிமிஷம்," என்றான். "போயிடாதே. ஒரே ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்."

போனான். ஓடினான் என்றே சொல்லலாம். படியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைக்க மட்டும் மறக்கவில்லை. வாசல் கதவு அவனுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் வண்டியில் ஏறி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"நல்ல வேலை. சொந்த வீடு. குடிக்க மாட்டான், சூதாட மாட்டான். உன் வாயை ஒரு பத்து நிமிஷம் மூடி வெச்சிருந்தா..." அத்தை நிறுத்திக்கொண்டாள். மூடி வைத்திருந்தவர்களைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து டாக்டரின் மடியில் போட்டாள். "துடைச்சுக்கோ. வண்டிக்காரர் பாக்கறார்."

டாக்டர் துடைத்துக்கொண்டாள்.

"போகலாமாங்க?" என்றார் வண்டிக்காரர்.

"இருங்கப்பா," என்றாள் அத்தை. சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளே வீட்டம்மாவின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுநடுவே மகன் 'சரிம்மா, சரிம்மா' என்பது கேட்டது. வேறு ஒரு சொல்லும் கேட்கவில்லை. "என்ன சொல்லிட்டுப் போனான்?"

"ஒரு நிமிஷம்னார்."

"நிக்கட்டுமா?"

இன்னொரு 'சரிம்மா' கேட்டது. டாக்டர் கைக்குட்டையை மடித்து அத்தையின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"யாருக்காக அத்தை? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."